ஆழம் என்ற கட்டம்

பதினெட்டு நாள் கப்பலில் வராத வாந்தி
பர்லியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசியில் வந்தது.
நடத்துநர் பழைய தினத்தாளைக் கிழித்துக் கொடுத்து
"மலைக்கு மொத தடவையா?" என்றார்.
கடல்வேலை பார்க்கிறவன் என்று சொல்லக்
கூச்சமாயிருந்தது.

சென்னையில் ஏறி, கரையை ஒட்டியே தெற்கே இறங்கி,
பூம்புகாருக்கு நேரே பத்து மீட்டர் ஆழத்தில் ஒன்று,
இருபதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என
இருபத்துநாலு நிலையங்கள்.
ஒவ்வொன்றிலும் வின்ச் முனகும்.
பன்னிரண்டு குப்பிகள் வட்டமாய் வாய் திறந்து இறங்கி
வாய் மூடி ஏறும்.
நான் குழாய் பிடித்து நிரப்புகிறவன்,
சீட்டு ஒட்டுகிறவன்,
இரவு இரண்டு மணிக்கும் கையெழுத்துக் கோணாதவன்.

வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவதும் என் வேலை.
எங்கே மறைகிறதோ அதுவே தெளிவின் அளவு.
வெளிக்கடலில் இருபத்திரண்டு மீட்டர் வரை
பகல் நிலாவாய்த் தெரிந்துகொண்டிருந்தது.
வெள்ளம் வடிந்த வாரம், கொள்ளிட முகத்தில்
முழங்காலளவு கூட இல்லை.
நைட்ரேட் எண்ணைப் பார்த்துவிட்டு
டாக்டர் மெர்லின் பர்னாந்து மறுபடி ஓட்டச் சொன்னார்.
மறுபடியும் அதே எண்.

அறிக்கையின் ஏழாவது பரிந்துரையில்
மலைத் தோட்டங்களின் உரம் என்று ஒரு வரி இருந்தது.
நாகப்பட்டினம் கூட்டத்தில் அதை அடித்தார்கள்.
கடலோரம் என்றால் அலைக்கோட்டிலிருந்து ஐந்நூறு மீட்டர்.
அதற்கு மேல் வேறு துறை, வேறு கோப்பு.
மீனவர் சங்கத்து அஞ்சப்பன்
டீ டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:
"தண்ணிக்கு அது தெரியுங்களா சார்?"
கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை.

விடுப்பு, சொந்தக் காசில் பஸ்,
கேத்தி பாலாடா.

கேரட் கழுவும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது.
சேற்றோடு விழுந்தவை
புதுச் செங்கல் நிறத்தில் வெளியே வந்தன.
தண்ணீர் மட்டும் அந்தச் சேற்றைச் சுமந்து
காட்டேரிப் பக்கம் நடந்தது.
யோகராணி மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.
அவருடைய தூக்குச்சட்டி மூடியைக் கேட்டு வாங்கி
சணல் கட்டித் தொட்டியில் இறக்கினேன்.
நாலு விரல்.
காணோம்.
"மூடியக் குடுங்க, கஞ்சி ஆறுது" என்றார்.

கடல் ஆராய்ச்சி என்றதும் சிரிப்பு.
"நானும் கப்பல்ல வந்தவதான்.
தலைமன்னார்ல ஏத்துனாங்க, ராமேஸ்வரத்துல எறக்குனாங்க.
ஏழு வயசு. அம்மா மடியில தூங்கிட்டேன்.
கடலப் பாக்கவே இல்ல."
கோணி ஊசியை மறுபடி குத்தி இழுத்தார்.
"அப்புறம் எங்க? கொழுந்து, கேரட்டு, கொழுந்து."

கொஞ்ச நேரம் கழித்து,
"இந்தத் தண்ணி அங்க போய்ச் சேருமா?"

பவானிசாகர், முக்கொம்பு, அணைக்கரை,
நடுவில் எத்தனை மதகு, எத்தனை போகம்.
வெள்ளம் வந்தால் சேரும் என்றேன்.
"அப்ப மழைக்குப் போகும்" என்றார்,
ஊருக்குப் போகிற ஆளைச் சொல்வதுபோல.

குப்பியை மூன்று முறை அலசி நிரப்பினோம்.
பிடித்தது அவர். எனக்குக் கை விறைத்திருந்தது.
நிலையம்: இருபத்தைந்து.
எடுத்தவர்: மு. யோகராணி.
ஆழம் என்ற கட்டத்தில்
கழித்தல் குறி போட்டு இரண்டாயிரம் என்று எழுதினேன்.
கணினி ஏற்காது. மெர்லின் மேடம் திட்டுவார்.

பனிக்கட்டிப் பெட்டி கொண்டுவரவில்லை.
இறங்கும் வழியெல்லாம் குப்பியை
ஜன்னல் காற்றில் பிடித்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுப் பையன்
டீயா என்று கேட்டான்.
கல்லாறு வந்ததும் வெயில் உள்ளே ஏறியது.
மண் அடியில் உட்காரத் தொடங்கியிருந்தது.
மேலே, மூடிக்குக் கீழே,
அரை விரல் அளவுக்கு
ஏதோ தெரிந்தது: என் கட்டைவிரல்,
அதற்கப்பால் மேட்டுப்பாளையம்.