கோரிக்சாஸ் காற்று

விடியுமுன் அளந்துவிட வேண்டும்.
வெயில் தொட்டால் முள் தானாக ஏறும்.
ஏறியதை நம்பிக் காற்றை இறக்கியவர்கள்
இரவில் தொய்ந்த சக்கரத்தோடு
வழியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
ஒருமுறை நானே நின்றேன்.

பெட்ரோல் பங்கில் ஹிஸ்கியா
பாதித் தூக்கத்தில் குழாயை இழுத்து வந்தான்.
எத்தனை என்று கேட்டுவிட்டு
பின்பக்கம் எட்டிப் பார்த்தான்:
நான்கு பீப்பாய்,
ஒவ்வொன்றிலும் இருநூறு லிட்டர் தண்ணீர்.
"டயரிலேயே போட்டிருக்கிறதே, நாலரை."
அது எல்லை, தம்பி.
ஒருவர் தாங்கக்கூடியது இவ்வளவு என்று
முதுகில் எழுதியிருந்தால்
அவ்வளவையும் ஏற்றிவிடுவாயா?

கதவைத் திறந்து
இடுக்கில் ஒட்டிய சீட்டைக் காட்டினேன்.
பாதியை ஆடு தின்றிருந்தது.
மிச்சத்தில்,
முன்சக்கரம் இரண்டு புள்ளி இரண்டு.
பின்சக்கரம், சுமையோடு, இரண்டு புள்ளி
அதற்கு மேல் ஆட்டின் வயிற்றில்.

எட்டு என்றேன்.
சீட்டில் படித்ததில்லை.
மூன்று வறட்சியாக இந்தச் சரளைச் சாலை
என் இடுப்பெலும்பில் எழுதியது.

இரண்டு புள்ளி எட்டு பார்.
பார்த்தான். வைத்தான்.
அவன் மீட்டர் எட்டு என்றது,
என் மீட்டர் ஐந்து என்றது.
இரண்டில் ஒன்று பொய்.
என்னுடையதை நம்பினேன்.
பொய்தான் என்றாலும்
எவ்வளவு பொய் என்று பழகிய பொய்.

உவாபிருகாவின் பட்டியில் ஒன்று இறக்குவதாகப் பேச்சு.
போன மாதம் பத்தொன்பது மாடுகள்.
இன்று பதினொன்று.
அவள் எதுவும் கேட்கவில்லை,
குச்சியைப் பீப்பாய்க்குள் விட்டு ஆழம் பார்த்தாள்,
ஈரமான நுனியை
ஒரு கன்றின் வாயில் வைத்தாள்.
இரண்டு இறக்கினேன்.

அதன்பிறகு வண்டி சொன்னபடி கேட்கவில்லை.
பாரம் போன பின்புறம்
கல்லுக்குக் கல் துள்ளியது,
வளைவில் வால் வேறு பக்கம் போனது.
எண்ணூறு கிலோவுக்கு நிரப்பிய காற்று
நானூறுக்கு அதிகம்.
நிறுத்தி, இறங்கி,
சாவி முனையால் வால்வை அழுத்தினேன்.
இரண்டு புள்ளி இரண்டு.
அடுத்த ஊரில் இரண்டு பீப்பாய் கேட்பார்கள்.
அதற்கடுத்த ஊரிலும்.
இதற்கு எந்தக் கதவிலும் சீட்டு இல்லை.

ஹோவானிப் ஆற்றங்கரையில் ஒன்று இறக்கினேன்.
முகத்தைப் பார்க்காமல் இறக்கினேன்.
இனி ஆறு; ஆறு என்றால் மணல்.
மணலுக்கு ஒன்று புள்ளி இரண்டு,
டயர் வயிறு பரத்தி
ஒட்டகப் பாதம்போல் மிதக்க வேண்டும்.

சீறல் கேட்டு எலிஃபாஸ் ஓடிவந்தான்.
ஏழு வயது இருக்கும்.
வால்வுக்கு நேரே கன்னத்தை நீட்டினான்.
"குளிருது!"
அப்புறம் மறு கன்னம்.
அப்புறம் கண்ணை மூடி நெற்றி.
"இது எந்த ஊர்க் காற்று?"
கோரிக்சாஸ்.
"அங்கே மழையா?"
இல்லை.
நான்கு சக்கரத்துக்கும் கூடவே வந்தான்,
ஒவ்வொன்றிலும் அதே கேள்வி,
ஒருவேளை வேறு சக்கரத்தில்
வேறு பதில் இருக்குமோ என்று.

அக்கரை சேர்ந்து கடைசியையும் கொடுத்துவிட்டு
வண்டியிலேயே படுத்தேன்.
காலிப் பீப்பாய்கள் குளிரில்
டொங், டொங் என்று சுருங்கின.

காலையில், வெயிலுக்கு முன்,
லைட்டர் துளையில் பம்பைச் செருகி
அந்த ஊர்க் காற்றை ஏற்றினேன்.
ஒன்று புள்ளி எட்டு, வெறும் வண்டிக்கு.
கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தேன்.
மூன்று சக்கரம் சரி.
இடது பின்சக்கரம் மட்டும் ஒன்று புள்ளி ஏழு.

தண்ணீர் ஒரு சொட்டு வேண்டும்,
கசிவைப் பார்க்க.
பீப்பாய்களைத் திறந்து பார்த்தேன்.
பிறகு
விரலில் எச்சில் தொட்டு
வால்வின் மேல் வைத்தேன்.

குமிழி.
சின்னது.
மெதுவாகப் பெரிதாகிறது.