நடுக்கல்

கொண்டலாம்பட்டி, பாபுஜான் பட்டறை.
நாலு நாளாய் ஜாக்கியில் நிற்கிறது என் பிக்கப்.
பக்கத்துக்கு ஒரு டயரே சுமந்து பழகிய ஆக்சில்
வேப்பமரத்தடியில் கிடக்கிறது.
புதியது என்றால் புதியதல்ல,
செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்பில் பொறுக்கியது.
எந்த வேனுடையதோ,
ஹப்பில் இன்னும் யாரோ வைத்த குங்குமம்.

"எட்டு இஞ்ச் வெளிய வரும்ணே.
மட்கார்டுக்கு இடுப்பு வெச்சுத் தரேன்."
ஆர்சி புத்தகம் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.

போன தை மாதம்
முப்பத்திரண்டு மூட்டை காப்பிக்கொட்டையோடு இறங்கும்போது
பதின்மூன்றாவது வளைவில் பின்டயர் வெடித்தது.
வண்டி கவிழவில்லை.
கவிழலாமா என்று
கொஞ்சம் யோசித்தது.
அந்த யோசனை எவ்வளவு நீளமோ
அவ்வளவுக்குத்தான் இந்தச் செலவு.

ஐந்தாம் நாள் ராத்திரி, காலி வண்டி.
அதே வளைவில் பின்பக்கம்
நான் சொல்வதற்கு முன்பே திரும்பியிருந்தது.
பிறகு ஒரு சத்தம்.
டக். டக். டக்.
வேகம் கூட்டினால் அதுவும் கூடியது.

இறங்கி செல்போன் வெளிச்சம் அடித்தேன்.
இரண்டு டயருக்கும் நடுவே
எலுமிச்சை அளவில் ஒரு மலைக்கல்.
லிவரால் நெம்பினேன், உதைத்தேன்,
கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தேன்.
மீதி ஏழு வளைவும் என்னோடு வந்தது.

நாகலூரில் வீட்டு கேட் முன் நிறுத்தினால்
தூணுக்கும் தூணுக்கும் இடையே
வண்டி கொள்ளவில்லை.

செல்லக்கிளி வெளியே வந்தாள்.
ஹெட்லைட்டில் நின்று அகலம் பார்த்தாள்.
"எவ்வளவு ஆச்சு?"
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
கடப்பாரையோடு வந்தாள்.

"அந்தத் தூணா?" என்றேன்.

"மொதல்ல கல்லு."