உப்பிட்டவள்

கவிஞர் வூர்ஹீஸ் இறந்த வருடமே வீட்டை விற்றுவிட்டார்கள்.
அவர் கைபட்ட காகிதமெல்லாம் லாரி ஏறி
எங்கள் நிலவறைக்கு வந்தது.
நாற்பத்தொரு பெட்டி. கூடவே ஒரு ஷூ டப்பா,
அதற்குள் ரப்பர் பேண்டு உருகி ஒட்டிய
பற்பசைக் கூப்பன்கள்.

துரு எடுப்பது என் வேலை.
எலும்புக் கத்தியால் ஒவ்வொரு கிளிப்பாக நெம்புவேன்.
கிளிப் போய்விடும்.
அது இருந்த இடத்தில்
பழுப்பாக ஒரு கிளிப் இருக்கும்.

மின்கட்டண ரசீதின் முதுகில் அரை வரி.
பல் டாக்டருக்கு எழுதி அனுப்பாத வசைக் கடிதம்.
மூன்று மனைவிகளும் ஒரே பெட்டியில்;
அகரவரிசை அவர்களைச் சண்டையில்லாமல் வைத்திருக்கிறது.

எல்லாருக்கும் பெயர் கண்டுபிடித்தாயிற்று,
தட்டச்சுப் பிரதிகளின் ஓரத்தில்
பென்சிலோடு நடமாடிய ஒருவரைத் தவிர.
பட்டியலில் நானே எழுதினேன்:
திருத்தங்கள், அடையாளம் தெரியாத கை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
டொலீடோவிலிருந்து லியோனார்ட் பொடோல்ஸ்கி வந்தார்.
முப்பது வருடம் பஸ் மெக்கானிக்.
கோட்டையும் பேனாவையும் விதிப்படி லாக்கரில் வைத்தார்.
சட்டைப் பையில் இருந்ததை மட்டும் தர மறுத்தார்.
எண்ணெய் இறங்கிய ஒரு சமையல் குறிப்பு அட்டை:
முட்டைக்கோஸ், வெங்காயம், பன்றிக்கொழுப்பு.

"அம்மா இவருக்கு டைப் அடித்தாள்.
பக்கத்துக்குப் பதினைந்து சென்ட்."
அதற்குமேல் அவரிடம் பேச்சில்லை.

பதினான்காம் பெட்டி, ஒன்பதாம் உறை.
பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கவிதை.
கடைசி வரியில் கவிஞர் அடித்திருந்தது:
வாசலெங்கும் பனி.
பனியை ஒரு பென்சில் கோடு அடித்திருக்கிறது.
மேலே, சாய்வாக: உப்பு.
அந்த ஒரு சொல்லை வைத்து
நான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

அட்டையைப் பக்கத்தில் வைத்தார்.
நான்காவது வரி: உப்பு, பார்த்துப் போடு.
அதே சாய்வு.
கடைசி எழுத்தின் குறுக்குக்கோடு
அடுத்த சொல்லின் தலைக்குமேல் வரை ஓடுகிறது,
அங்கேயும், இங்கேயும்.

எண்ணெய் அட்டையை மூலப்பிரதி அருகே
நான் அனுமதித்திருக்கவே கூடாது.

அவர் அழவில்லை. நகல் கிடைக்குமா என்றார்.
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட் என்றேன்.
"அம்மாவைவிட மெஷினுக்குக் கூலி அதிகம்," என்று
சில்லறையை எண்ணி வைத்தார்.

பெயரைக் கேட்டேன்.
யாத்விகா. ஆபீஸில் ஹாட்டி.
சம்பளச் சீட்டில் எப்படியோ, தெரியாது.

பட்டியலில் ஒரு வரியை மாற்ற
மூன்று கையெழுத்தும் ஒரு படிவமும் வேண்டும்.
ஒரு சொல் சான்றாகாது என்பார்கள்.
வேறு யாரோ சொல்ல இவள் எழுதியிருக்கலாம் என்பார்கள்.
இருக்கலாம்தான்.

காரணம் என்ற கட்டத்தில்
உப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.
கமிட்டி ஏப்ரலில் கூடுகிறது.
வெளியே நகராட்சி லாரி
சாலைக்கு உப்புத் தூவிக்கொண்டு போனது.
அவர் காரைக் கிளப்பி
அதன் பின்னாலேயே, மெதுவாக.