எழுபத்தெட்டில் தொடங்குவது

அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபதில், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி
லேசாகக் கலங்கும், அவ்வளவுதான்.
எழுபத்தெட்டில் தொடங்குகிறது.
முதலில் கால்மிதியில். பிறகு
முழங்கால் டேங்கை ஒட்டும் இடத்தில்.
அப்புறம் அந்தச் சத்தம்.

"என்ன சத்தம், சொல்லிக் காட்டுங்க" என்கிறார் லூர்துராஜ்.
தேவகோட்டை ரஸ்தாவில் இருக்கிறது பட்டறை.
கடகட என்கிறேன்.
இல்லை, கொஞ்சம் கிணுகிணு.
நறநறவும் உண்டு, உள்ளே எங்கோ.
பஞ்சர் ஒட்ட வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு
தன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறார்.
ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வருகிறது.
கொடுத்துவைத்தவர்.

"கிளட்சைப் பிடிச்சா நிக்குதா?"
நிற்கவில்லை.
"இஞ்சினை நிறுத்திட்டு உருட்டிப் பாத்தீங்களா?"
பார்த்தேன். திருமயம் சாலையில் எண்பத்தைந்துக்கு ஏற்றி,
கிளட்சைப் பிடித்து, சிவப்பு சுவிட்சைத் தட்டி,
காற்றும் நானும் மட்டும் போன அந்தக் கொஞ்ச தூரமும்
அது பாட்டுக்குக் கூடவே வந்தது.
எழுபத்தெட்டுக்குக் கீழே இறங்கியதும்
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
"அப்ப இஞ்சின் இல்ல."
பாதி உலகத்தைத் தள்ளிவைத்த மாதிரி இருந்தது.

சாக்கு விரித்தாயிற்று.
செயின், பல்சக்கரம், அச்சு, ஹப் ரப்பர் ஐந்து.
பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றுகிறார், கண்ணை மூடிக்கொண்டு.
உதட்டைப் பிதுக்கி அடுத்ததை எடுக்கிறார்.
கோன்செட்டில் குறையில்லை. ரிம் கோணவில்லை.
எதைக் கேட்டாலும் நல்ல பிள்ளை.
ஹப் ரப்பருக்குப் பின்னால் மட்டும்
மடித்துச் செருகிய சைக்கிள் ட்யூப் துண்டு.
எனக்கு முன்பே யாரோ
இந்தச் சத்தத்தைத் தேடியிருக்கிறார்.

இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது,
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது.
கிணு என்று ஒரு சொல் கிடையாது.
கட என்றால் தாண்டிப் போ என்று
வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.
சாக்கின் மேல் மோட்டார் சைக்கிள், துண்டு துண்டாய்,
எதிலும் சத்தமில்லை.

விற்ற வயிரவனுக்குப் போன் போட்டேன்.
கானாடுகாத்தானில், கார் ஷெட்டில்,
துணி போர்த்தி வைத்திருந்தவர்.
"சத்தமா? எனக்குத் தெரிஞ்சு இல்லையே."
அந்த ட்யூப்?
"அது எனக்கும் முந்தி வச்சிருந்தவர் வேலையா இருக்கும்."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
"ஆமா, பெட்டி மாட்டியிருக்கீங்களா?"
ரெண்டு பக்கமும்.
"நான் மாட்டினதே இல்ல. லடாக் போகத்தான் வாங்கினேன்.
பள்ளத்தூர் தாண்டல.
அறுபதைத் தொட்டா அவ தோளைத் தட்டிருவா."

லூர்துராஜ் எழுந்துபோய்ப் பெட்டிச் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறார்.
மூன்று போல்ட் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
மூன்றாவது துளையில் செம்மண் அடைத்து இறுகியிருக்கிறது.
"ஆனா ஏன் எழுபத்தெட்டு?"
இது என்னைக் கேட்டதல்ல.
பின் டயரில் உள்ளங்கையை வைக்கிறார்.
முன்னோக்கித் தடவினால் வழுவழு.
பின்னோக்கித் தடவினால் ரம்பம்.

நடுங்குவது டயர்.
அதை ஊருக்குச் சொல்வது சட்டம்.
தனித்தனியாக விட்டால்
சட்டம் வாயே திறக்காது,
டயரும் தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருக்கும்.

போல்ட் பதினைந்து ரூபாய்.
டயர் ஏழாயிரத்துச் சொச்சம்.
போல்ட் போட்டாயிற்று.
ட்யூப் துண்டை என்ன செய்ய என்று கேட்டார்.
இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்,
ஏன் என்று தெரியவில்லை.

இருட்டிய பிறகு குன்றக்குடி வழியாகத் திரும்புகிறேன்.
எழுபத்தெட்டில் கால்மிதி மட்டும்
பாதத்துக்கு எதையோ சொல்கிறது.
எதிரே வருபவர்களுக்குக் கேட்காது.
சம்பளம் ஒன்றாம் தேதி.

அதுவரை எழுபத்தேழு.