மற்றப் பக்கம்

கலியாணப் பேச்சில் எந்தக் குடியென்று கேட்டார்கள்.
உம்மாவின் குடியைச் சொன்னேன்.
வாப்பாவுக்கென்று
எங்களுக்குத் தர ஒன்றும் இருக்கவில்லை.
ஏறாவூர் வீடு உம்மாவுடையது,
கிணறும் இரண்டு மாமரமும் உம்மாவுடையவை.
மாப்பிள்ளையாய் வந்த அன்று அவர் கையில்
ஒரு பச்சைப் பை, ஒரு ரேடியோ.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
டொக்டர் தர்மினி என் இடது கெண்டைக்காலை
நாடாவால் சுற்றினா.
வலதைவிட மூன்று சென்றிமீற்றர் கூட.
பதினாறாம் கிழமை.
போனமுறை ஏழாம் மாதத்தில் நின்றுபோனதையும்
அதே வரியில் எழுதிக்கொண்டா.
"குடும்பத்தில ஆருக்கும் ரத்தம் கட்டினதா?"
உம்மாவின் ஆட்களை
ஒவ்வொரு விரலாய் மடித்தேன். இல்லை.
"மற்றப் பக்கம்?"

மற்றப் பக்கத்தை
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கொழும்புக்குப் போன ரத்தம்
பதினெட்டு நாளில் கடுதாசியாய்த் திரும்பியது.
ஐந்தாம் காரணி, லைடன்.
லைடன் ஒல்லாந்தில் ஒரு ஊராம்.
"வாவிக்கரையில கோட்டைய விட்டுட்டு
இதையும் விட்டுட்டுப் போனாங்களோ?" என்றேன்.
சிரித்துவிட்டா.
கண்டுபிடித்த ஊரின் பேர், அவ்வளவுதான்.
ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது.
உறை என்றால் உறைகிறது,
போதும் என்றால் காது கேட்பதில்லை.
பிள்ளை சுமக்கிற உடம்போ
பேற்றுநாள் பெருக்குக்குப் பயந்து
முன்னமே அணைகட்டத் தொடங்கிவிடுமாம்.
அங்கே இதுவும் ஒரு மண்வெட்டியோடு போய் நிற்கும்.

இரவு பத்துமணிக்கு ஊசி.
வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடிக்கிறேன்.
அஸ்மீர் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்துவரை எண்ணுகிறார்,
ஏழில் தடுமாறுகிறார்.
மாரியில் முகத்துவாரம் வெட்டிவிடுவார்களே,
அந்த வேலை எனக்கு
ஒவ்வொரு நாளும்.
தொப்புளைச் சுற்றி நாவற்பழ நிறத்தில் பொட்டுக்கள்.

உம்மாவின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அதில் இல்லை.

அப்போ வாப்பா.
சவூதியிலிருந்து வந்த மூன்றாம் நாள்
இடது கால் வீங்கியது. முப்பத்தெட்டு வயது.
உம்மா எண்ணெய் காய்ச்சி இரவிரவாக உருவினா.
சுபஹுக்கு எழும்பி நின்றவர்
"நெஞ்சு" என்றார்.
மாரடைப்பு என்று எழுதினார்கள்.
மையத்துக்குப் பக்கத்தில் நின்று மாமி கத்தினா:
"உன்ட கைதான்டி."
பதினொரு வருஷம்.
சம்மாந்துறைக்கு யாரும் போவதில்லை.

"உருவினதாலயா டொக்டர்?"
பேனா மூடியைத் திறந்தா, மூடினா.
"இப்ப அதைச் சொல்ல ஏலாது."

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
கடுதாசியை மட்டும் காட்டினேன்.
"வாப்பாட ரத்தத்திலயே கிடந்ததாம், உம்மா."
உம்மா கடுதாசியைப் பார்க்கவில்லை.
உள்ளங்கையைப் பார்த்தா,
திருப்பிப் புறங்கையைப் பார்த்தா.
பிறகு அரிசி களையப் போனா.

வயிற்றிலிருக்கிறதுக்கு
வரலாம், வராமல் போகலாம்,
சரிபாதி என்கிறார்கள்.
அதற்கு முன் வேறொரு வேலை இருந்தது.
யார் யாரிடமோ கேட்டு வாங்கிய நம்பர்.
"மாமி, வெச்சிராதீங்க. ஜெஸீலா பேசுறன்.
உங்கட சின்ன மகளுக்கு இப்ப எத்தின மாசம்?
கால் ஏதும் வீங்குதா?"

அந்தப் பக்கம் குக்கர் கூவி ஓய்ந்தது.
கதவொன்று சாத்துப்பட்டது.
பிறகு, மிக மெல்ல,
"எந்தக் கால கேக்காய் புள்ள?"