இரண்டாவது சர்க்கரைக் கட்டி

எர்ஸுரும் நகரில் தேநீருக்குள் சர்க்கரை போடுவதில்லை.
கல்லாய் இறுகிய கட்டியை இடுக்கியால் நொறுக்கி
ஒரு சில்லைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு
கசப்பை அதன்மேல் ஓடவிடுவோம்.
ஒரே சில்லில் மூன்று கோப்பை ஓட்டுபவன்
ஆண்பிள்ளை என்று பேச்சு.
நான் ஓட்டியதில்லை.
கோப்பைக்கு இரண்டு சில்லு,
நாளுக்குப் பதினெட்டுக் கோப்பை.
பெருக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் செவில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்
தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
இருநூற்று எண்பத்து நான்கு.
பனி வாரும் வண்டியில்
ஒருநாளும் நான் தொடாத வேகம்.

“மாற்று இனிப்பு ஏதாவது பழகுங்கள், ஃபெரிதுன்.”
மலைச்சாலை மூடிய இரவுகளில்
வேறு வழியாய்ப் போங்கள் என்று
லாரிக்காரர்களுக்கு நான் சொல்வதும் இப்படித்தான்.
எந்த வழி என்று நானும் சொல்வதில்லை.

மருந்துக்கடையில் மூன்று வாங்கினேன்.

முதலாவது மாத்திரை,
சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லை.
பழக்கதோஷம், கன்னத்தில் அதக்கினேன்.
அது அங்கேயே சீறி நுரைத்தது.
டிப்போவில் ஸியா கேட்டான்,
“பல்வலியா, அண்ணே?”
ஆமாம் என்றேன்.

இரண்டாவது தூள், வெள்ளை வெளேரென்று.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
நாக்கில் பட்டதும் அதுவும் சில்லிட்டது.
இருபத்திரண்டு குளிர்காலமாய்
வாரி ஓரம் தள்ளுவதை
இனிக் கரண்டியால் அள்ளி
வாய்க்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டுமா?
பொட்டலத்தை ஸியாவிடம் கொடுத்துவிட்டேன்.
அவன் மனைவி கேக்கில் போட்டாளாம்,
நன்றாயிருந்ததாம்.

மூன்றாவது ஏதோ ஓர் இலையின் சாறு,
பராகுவே நாட்டுச் செடி.
ஒரே துளி.
இனித்தது.
இனித்துக்கொண்டே இருந்தது.
விருந்து முடிந்தும் எழுந்து போகாத பங்காளியாக,
விளக்கணைத்துப் படுத்த பிறகும்
நாக்கில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை
சமோவர் முனகிக்கொண்டிருந்தது.
நஸ்மியே இரண்டு கோப்பை ஊற்றினாள்,
இடுப்புச் சிறுத்த கோப்பைகள்.
தட்டுக்கொரு கட்டி, கைப்பழக்கத்தில்.
தன் தட்டிலிருந்ததை என் பக்கம் தள்ளினாள்,
அதுவும் கைப்பழக்கத்தில்.
முப்பத்தொரு வருடப் பழக்கம்.

என் கட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்,
கண்ணில் படாமலிருக்கட்டும் என்று.
அவளுடையதைத் திருப்பித் தள்ளினேன்.
விலாசம் மாறி வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல்
பார்த்தாள்.

“நீ சாப்பிடு. நான்தான் விட்டாச்சே.”
“நான் எப்போது சாப்பிட்டேன்?”

அவள் ரிஸேக்காரி.
கடலோரச் சரிவில் தேயிலை பறித்த வீடு.
இலையின் ருசியைச் சர்க்கரை தின்றுவிடும் என்பது
அந்தப் பக்கத்தார் வாதமாம்.
எனக்கு இன்றுதான் தெரியும்.
“வந்த புதிதில் உன் அக்கா தட்டில் வைத்தாள்.
வேண்டாம் என்றால் தப்பாயிருக்கும்.
உன் பக்கம் தள்ளினேன். நீ தின்றாய்.”
அவ்வளவுதான் கதை.
கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அந்த இரண்டாவது கட்டியை இவ்வளவு நாளும்
நான் வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.
எந்தக் கணக்கு என்று சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

வெறும் தேநீரைக் குடித்தேன்.
முதல் வாய், கசப்பு.
இரண்டாவது வாயில், கசப்புக்குப் பின்னால்
மழையில் நனைந்த வேலிக்கட்டையின் வாசம்
வந்த மாதிரி இருந்தது.
மூன்றாவது வாய், பழையபடி கசப்பு.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இலைச்சாற்றுப் புட்டி வண்டியில் கிடக்கிறது,
கையுறைகளோடு.
இரவுப் பணிக்கு ஒரு துளி,
ஸியா பார்க்காத நேரத்தில்.
வீட்டில் வெறும் தேநீர்,
அவள் குடிக்கும் வேகத்துக்கு.
நாக்கு மட்டும்
அவ்வப்போது இடது கன்னம்வரை போய்த்
துழாவிவிட்டு வருகிறது.

அன்று மேசையில் நின்றுபோன அந்தக் கட்டி
இரண்டு தட்டுக்கும் சொந்தமில்லாமல்
மாலைவரை அங்கேயே இருந்தது.