வந்திருக்கான்

ஒத்தக்கடையில் ஹைகோர்ட்டுக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என் ஆபீஸ்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
தமிழில் அழுததை
ஆங்கிலத்தில் அஃபிடவிட் ஆக்கித் தருவேன்.

இன்றைக்கு ஒச்சம்மா.
உசிலம்பட்டிக்கும் மேற்கே ஏதோ ஊர்,
இரண்டு பஸ் மாறி வந்தவள்.
வண்டிப்பாதைத் தகராறில் படப்பு எரிந்துபோனது.
ஆடி வரைக்கும் தாங்கியிருக்கும்,
இரண்டு மாட்டுக்கும்.

"வெள்ளிக்கெழம ராத்திரி
ஜெயக்கொடி வந்திருக்கான் தாயி."

கீபோர்டில் விரல் நின்றுவிட்டது.

கோரிப்பாளையத்தில் மூன்று மாதம்
ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டிப் படித்த விதி:
கிழமை சொன்னால் ஹேஸ் வராது.
நேற்று, போன வாரம், ஆறு மணிக்கு,
இவற்றில் ஒன்று சீட்டில் உட்கார்ந்துவிட்டால்
ஹேஸ் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கேம் என்று அடித்தேன்.
ஜெயக்கொடி கேம் ஆன் ஃப்ரைடே நைட்.
இலக்கணத்தில் குற்றமில்லை.
ஆனால் அந்த ஒற்றைச் சொல்
ஒச்சம்மாவை நடுச்சாமத்தில் எழுப்பி
வேலியோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது,
அவன் முகத்தைப் பார்க்கச் சொல்லி.

அவளோ அன்று ராத்திரி
செக்கானூரணியில், மகள் வீட்டில்.

ஜூனியர் இம்மானுவேல் வந்து
தமிழில் சொல்லிக் காட்டினார்.
காட்டியாக வேண்டும், கடைசி வரியில் அப்படி எழுதியிருக்கிறோம்.
"...வெள்ளிக்கிழமை இரவு ஜெயக்கொடி வந்தான்..."

"வந்தான்னு நாஞ் சொல்லலியே."

"பின்ன?"

"வந்திருக்கான்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா அத ஏன் மாத்துனீக?"

இம்மானுவேல் என்னைப் பார்த்தார்.
நான் ஃபேனைப் பார்த்தேன்.

எதைச் சொல்வது அவளிடம்?
உன் வாயில் வந்தவன் போன பிறகும்
வந்தது மட்டும் அங்கேயே இருக்கிறது,
மிதிபட்ட கடலைச்செடி மாதிரி;
கண்ணால் பார்த்தாயா என்று
அந்த 'இருக்கான்' கேட்பதே இல்லை.
அவர்களுக்கு அதே இடத்தில் 'ஹேவ்'.
கையில் வைத்திருக்கலாம்,
ஆனால் கிழமையைச் சொன்ன நிமிஷம்
கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

மஸ்ட் ஹேவ் கம் என்று மாற்றிப் பார்த்தேன்.
"யூகம்னு நாமளே எழுதிக் குடுத்தா
அவனுக்கு நாமளே ஜாமீன் எடுத்த மாதிரி,"
இம்மானுவேல் வாட்சைத் தட்டினார்.
மணி நாலேகால்.

அந்த வரியையே அழித்தேன்.
ஜெயக்கொடி வரவே இல்லை.

"சனிக்கிழமை காலைல வந்து என்னம்மா பாத்தீங்க?
பாத்தத மட்டும்."

முள்ளுப்படல் ஒதுங்கிக் கிடந்ததை.
மூடியில்லாத ஒரு கேனை.
ஒத்தைச் செருப்பு, வலது கால்,
அறுந்த வாரில் பச்சை ஒயர் கட்டியது.
அந்தப் பச்சை ஒயர்ச் செருப்போடுதான்
வியாழக்கிழமை பஞ்சாயத்தில் அவன் நின்றான்,
அதையும் பார்த்தேன்.
நாய் கஞ்சி குடிக்காமல் படுத்திருந்ததை.

"நாயும் எழுதவா?"
"அது பாத்துச்சுல்ல."

சா. சா. சா. சா.
எங்கும் இடறாத இறந்த காலம்.
நாயை மட்டும் விட்டுவிட்டேன்,
இம்மானுவேல் திட்டுவார்.

ஒச்சம்மா கையெழுத்துப் போட்டாள்.
ச்-க்குப் புள்ளி மறந்து,
பேனாவைத் திருப்பிக் கேட்டு வாங்கி
அழுத்தி வைத்தாள். மறுபக்கம் தெரிந்தது.
இம்மானுவேல் படித்தாரோ என்னவோ,
கவுண்டர் மூடுமுன் ஓடிவிட்டார்.
மூன்று பக்கம், நூற்றிருபது;
நூறு வாங்கினேன்.

மாட்டுத்தாவணியில் இறங்கினால் ரோடெல்லாம் ஈரம்.
யானைமலைப் பக்கம் ஒரு சொட்டு இல்லை.
எனக்குப் பின்னால் இறங்கியவர்
வேட்டியைத் தூக்கிக்கொண்டு,
"இங்க மத்தியானமே மழ பேஞ்சிருக்கு" என்றார்.

யாரும் அவரைக்
குறுக்கு விசாரணை செய்யவில்லை.